பூட்டிய வீட்டுத் தோட்டமும் வழியில் எதிர்ப்படும் காட்டுயிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடியற்காலையில் காட்டோரம் நிற்கும்போதும் "மிளகாய்ச் செடி வாடியிருக்குமோ" என்ற நினைப்பு விடாமல் துரத்துகிறதா? அந்தக் கவலையில் முக்கால்வாசி தண்ணீரைப் பற்றியதுதான், தண்ணீரை அளந்துவிடலாம். கிளம்பும் முன்பே அளந்து ஏற்பாடு செய்துவிட்டால், போன இடத்தில் கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொள்ள முடியும். முதலில் தோட்டம், பிறகு தோட்டத்துக்கு வந்து குடியேறும் உயிர்கள், கடைசியாகப் பயணத்தில் எதிர்ப்படுபவை.

ஒரு வாரம் வெளியூர் போகிறேன். செடிகள் தாங்குமா?

தரையில் வேர் பிடித்தவை பெரும்பாலும் தாங்கும், தொட்டிச் செடிகள்தான் தாங்காது. தரையில் நிற்கும் செடி ஈரத்தைத் தேடி வேரை ஆழமாகவும் அகலமாகவும் விடும். தொட்டியில் அந்த வேருக்குப் போக்கிடம் இல்லை. நட்டு ஓரிரு ஆண்டுகள் கடந்த மரங்களையும் புதர்களையும் பற்றி யோசிக்கவே வேண்டாம். பாத்தியில் உள்ள காய்கறிகளுக்குக் கிளம்பும் முன் ஆழமாக நீர் பாய்ச்சி, மண்மேல் காய்ந்த இலை பரப்பி மூடாக்குப் போடுங்கள். தொட்டிகள், நாற்றுகள், போன மாதம் நட்ட கன்றுகள் ஆகிய மூன்றுக்குத்தான் தனி ஏற்பாடு தேவை. கற்றாழை போன்ற சதைப்பற்றுள்ள செடிகள் மூன்று வாரம்கூடச் சும்மா கிடக்கும். யாரிடமாவது ஊற்றச் சொல்லிவிட்டுப் போனால்தான் அவை அழுகும்.

எந்தத் தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தராசில் வைத்துப் பாருங்கள். மாலையில் அடியில் ஒழுகும்வரை நீர் ஊற்றி, ஒரு மணி நேரம் வடியவிட்டு, தொட்டியை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடியும் நிறுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் தண்ணீர். 30 செ.மீ. தொட்டியில் காய்த்து நிற்கும் தக்காளி, நல்ல வெயில் நாளில் 1 முதல் 2 லிட்டர் குடிக்கும். அதே தொட்டியை நிழலில் வைத்து இன்னொரு நாள் நிறுத்தால், இடம் மாற்றுவது எத்தனை லிட்டரை மிச்சப்படுத்துகிறது என்பதும் தெரிந்துவிடும்.

தொட்டி தூக்க முடியாத கனமா? கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, நன்றாக நனைத்துவிட்டு ஊற்றாமல் விடுங்கள். எத்தனையாவது நாள் மாலையில் இலை தொங்குகிறது என்று எண்ணி, அதில் ஒரு நாளைக் கழித்துக்கொள்ளுங்கள். அதுதான் அந்தத் தொட்டியின் தவணை. மதிய வெயிலில் இலை தொங்குவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஈரம் இருக்கும்போதும் பல செடிகள் மதியத்தில் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்துவிடும்.

நிழலுக்கு மாற்றினால் போதுமா?

மூன்று நான்கு நாளுக்குப் போதும். சுவரோரம், காலை வெளிச்சம் மட்டும் விழும் இடத்தில் தொட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். ஒன்றின் இலை மற்றதன் மண்ணுக்கு நிழலாகும், காற்றும் குறையும். பெரியவை வெளிவட்டத்திலும் சிறியவை நடுவிலும் இருக்கட்டும். மேல் மண்ணில் 5 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ பரப்புங்கள். தண்டைச் சுற்றி மூன்று விரல் அகலம் விட்டுவிட வேண்டும், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும்.

திரும்பி வந்ததும் ஒரே நாளில் வெயிலுக்குத் தள்ளாதீர்கள். நிழலில் ஒரு வாரம் இருந்த இலை கருகிவிடும். நான்கைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

திரி வைத்துத் தண்ணீர் கொடுப்பது உண்மையில் வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் முந்தைய நாள் இரவில் அவசரமாகக் கட்டிய திரி பெரும்பாலும் ஏமாற்றும். பருத்திக் கயிறு 6 முதல் 8 மி.மீ. தடிமன் இருக்கட்டும். புதுக்கயிற்றில் மெழுகோ கஞ்சியோ இருந்தால் நீர் ஏறாது, அதனால் சோப்பு நீரில் கொதிக்கவைத்து அலசிவிடுங்கள். நன்றாக நனைத்த திரியின் ஒரு முனையை வேருக்கு அருகில் 7-8 செ.மீ. ஆழத்தில் புதைத்து, மறுமுனையை வாளியின் அடிவரை இறக்கி ஒரு கல்லைக் கட்டிவிடுங்கள்.

கோளாறு வருவது உயரத்தில். வாளியின் நீர்மட்டம் தொட்டி மண்ணைவிட நன்றாக மேலே இருந்தால், திரி நீரை வழித்து இறக்கும் குழாய்போல ஆகிவிடும். ஓரிரு நாளில் வாளி காலி, செடி சேறு. மிகவும் கீழே இருந்தால் நீர் ஏறுவதே நின்றுவிடும். வாளியும் தொட்டியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். வெளியே தெரியும் திரி ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது, வெயில் பட்டால் நடுவிலேயே காய்ந்துவிடும். வாளிக்கு மூடி போட்டு, திரி நுழைய மட்டும் துளை விடுங்கள். மூடாத வாளி கொசுப் பண்ணை.

தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில்?

பொலபொலப்பான மண்ணில் ஒரே நாளில் காலியாகும், களிமண்ணில் துளை அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் இறங்காது. இரண்டுக்கும் நடுவில் உள்ள மண்ணில் ஓடும். மூடியில் 1 முதல் 2 மி.மீ. துளை போட்டு, துளைமேல் ஒரு துண்டுத் துணி வைத்து, வீட்டில் இருக்கும்போதே மூன்று நாள் சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம். இதைவிட நம்பகமானது மெருகு பூசாத மண்கலம். கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைத்தால், சுற்று மண் காயும்போது மட்டும் சுவர் வழியாகக் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே மந்தமாகும். பாத்திக் காய்கறிகளுக்கு இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. கலத்தைச் சுற்றி 30 செ.மீ. வரை உள்ள செடிகளுக்கு ஈரம் கிடைக்கும்.

டைமர் வைத்த சொட்டுநீர் வாங்கிவிட்டேன். இனிக் கவலையில்லை அல்லவா?

மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் நீர் என்றால் கவலை இருக்கிறது. குழாய் டைமர்களில் சவ்வு வால்வு, பந்து வால்வு என்று இரண்டு வகை உண்டு. சவ்வு வால்வு வகைக்குக் குறைந்தபட்ச அழுத்தம் தேவை, பலவற்றுக்கு அது 0.5 பார் ('பார்' என்பது அழுத்தத்தின் அலகு) அளவில் இருக்கும். டேங்கின் நீர்மட்டம் குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் கிடைக்கும். 3 மீட்டர் உயரம் என்றால் 0.3 பார்தான். அந்த அழுத்தத்தில் சவ்வு வால்வு திறக்காமலும் போகலாம், திறந்தபின் மூடாமலும் போகலாம். இரண்டாவது இன்னும் மோசம், டேங்க் முழுக்க வடிந்துவிடும். டேங்க் நீருக்குப் பந்து வால்வு (ball valve) வகைதான் வேண்டும். அதற்கு அழுத்தமே தேவையில்லை. பெட்டியில் 'பூஜ்ய அழுத்தம்' என்ற பொருளில் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது டிரிப்பரின், அதாவது ஒவ்வொரு தொட்டியிலும் நீர் சொட்டும் முனையின், அளவு. 'மணிக்கு 4 லிட்டர்' என்று அச்சிட்டிருப்பது 1 பார் அழுத்தத்தில். சாதாரண டிரிப்பரில் நீர், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும். 0.3 பாரில் மணிக்கு சுமார் 2.2 லிட்டர்தான் வரும். அதாவது 20 நிமிடம் என்று வைத்தால் முக்கால் லிட்டருக்கும் குறைவு. தாளில் கணக்குப் போடுவதைவிட, ஒரு டிரிப்பருக்குக் கீழே கிண்ணம் வைத்து 10 நிமிடம் பிடித்து அளப்பது மேல். குழாயின் முதல் டிரிப்பரிலும் கடைசி டிரிப்பரிலும் தனித்தனியாகப் பிடியுங்கள். அழுத்தம் குறைவான இடத்தில் கடைசித் தொட்டிக்குப் பாதிகூடப் போய்ச் சேராமல் இருக்கலாம்.

சோதனையைக் கிளம்பும் முன் ஒரு வாரமாவது ஓடவிடுங்கள். புது பேட்டரி போடுங்கள். வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். குழாய் திறந்தே இருக்க வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் குழாயிலேயே கட்டுங்கள். கிளம்பும் பரபரப்பில் வீட்டில் யாராவது எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பூட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. டேங்குக்கு நீர் ஏற்றும் மோட்டாரை யார் போடுவது என்பதும் முடிவாகி இருக்க வேண்டும். அது இல்லாமல் டைமர் வெறும் கடிகாரம்தான்.

பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போனால்?

நல்லது, ஆனால் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்பானவர்கள் தினமும் ஊற்றுவார்கள், வேர் அழுகும். தண்ணீர் அதிகமாகி வாடும் செடியும் பார்க்க வறண்டு வாடுவது போலவே இருப்பதால், இன்னும் ஊற்றுவார்கள். தொட்டிகளை இரண்டே கூட்டமாகப் பிரியுங்கள்: ஒன்று நாள் விட்டு நாள், இன்னொன்று தொடவே வேண்டாதது. ஒரு குவளையை அளவாகக் கொடுத்து, "சின்னதற்கு ஒன்று, பெரியதற்கு மூன்று" என்று சொல்லுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டு ஈரம் தெரிந்தால் ஊற்ற வேண்டாம் என்பது ஒன்றே விதி. காய்ப்பதை அவர்களே பறித்துக்கொள்ளட்டும். அது கூலி மட்டுமல்ல, செடிக்கும் நல்லது. வெண்டையும் வெள்ளரியும் முற்றிவிட்டால் புதுப் பிஞ்சு விடுவது குறையும்.

கிளம்பும் முன் உரம் போட்டுவிட்டுப் போகலாமா?

வேண்டாம். உரம் இளந்தளிரைக் கிளப்பும், தளிருக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவை, பூச்சிக்கும் அதுதான் பிடிக்கும். மண் காயக் காய உப்பும் செறிவாகி வேரைச் சுடும். கடுமையாகக் கவாத்து செய்வது (கிளைகளை வெட்டுவது), வேறு தொட்டிக்கு மாற்றுவது, புது நாற்று நடுவது எல்லாம் திரும்பி வந்தபின்.

கேமரா வைத்து அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாமா?

பார்க்கலாம், ஆனால் எதையும் செய்ய முடியாத இடத்திலிருந்து வாடிய இலையைப் பார்ப்பதால் என்ன லாபம்? போய் ஊற்றக்கூடிய ஒருவர் உள்ளூரில் இருந்தால் மட்டும் கேமராவுக்குப் பொருள் உண்டு. அப்படியானால் நாளைக்கு ஒரு முறை, சாயங்காலத்தில் பாருங்கள். மதியத்தில் பார்த்தால் எல்லாச் செடியும் செத்ததுபோலத் தெரியும்.

கிளம்பும் நேரம் பார்த்துத் தொட்டியில் ஒரு குருவி கூடு கட்டிவிட்டது. என்ன செய்வது?

தொட்டியை நகர்த்தாதீர்கள். இரண்டடி தள்ளினாலும் தாய்ப்பறவை பழைய இடத்துக்கே வந்து தேடும். கொண்டைக்குருவி போன்ற சிறு பறவைகளுக்கு முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு கூட்டை விட்டு வெளியேற இன்னும் இரண்டு வாரத்துக்குள். அந்த ஒரு தொட்டிக்கு மட்டும் திரியோ டிரிப்பரோ வைத்துவிடுங்கள். மேலிருந்து ஊற்ற ஆளை அனுப்பாதீர்கள். ஆள் வந்தே ஆக வேண்டுமென்றால், ஒரு நிமிடத்துக்குள் மண்ணோரமாக ஊற்றிவிட்டு விலகட்டும். கூட்டை எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் காக்கைக்கும் பூனைக்கும் இடம் காட்டிக்கொடுக்கிறோம்.

கீழே விழுந்த குஞ்சைத் தொட்டால் தாய் சேர்க்காதா?

சேர்த்துக்கொள்ளும். மனித வாடைக்காகக் குஞ்சைக் கைவிடும் என்பது வெறும் பேச்சு. இறகு முளைக்காத குஞ்சு என்றால் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகிறது என்றால் அது பறக்கப் பழகுகிறது. தாய் அருகிலேயே இருக்கும், பூனையை மட்டும் விரட்டிவிட்டு ஒதுங்குங்கள். வாயில் தண்ணீர் விடவே கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

திரும்பி வந்தால் எலுமிச்சை இலையெல்லாம் மொட்டை. மருந்து அடிக்கவா?

முதலில் உற்றுப் பாருங்கள். பறவை எச்சம்போல ஒரு புழு அசையாமல் இருக்கிறதா? அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும், மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற ஓர் உறுப்பை நீட்டி நெடியடிக்கும். கறிவேப்பிலையிலும் இதே கூட்டத்தைக் காணலாம். ஆளுயரச் செடி இதைத் தாங்கி மறுபடி தளிர்க்கும். சிறு கன்று என்றால் புழுக்களைக் காம்போடு பெரிய செடிக்கு மாற்றிவிடுங்கள். மருந்து அடித்தால் புழுவோடு அதைத் தின்ன வரும் தையல்சிட்டின் தீனியும் போய்விடும்.

பறவைகளுக்கு வைத்த தண்ணீர்த் தட்டை என்ன செய்ய?

ஊற்ற ஆள் இல்லையென்றால் கவிழ்த்துவிட்டுப் போங்கள். பறவைகள் வேறு இடம் தேடிக்கொள்ளும். வெப்பமான நாட்களில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாளே போதும், ஒரு வாரப் பயணமே அதற்குப் போதுமானதாகிவிடலாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த பாத்திரச் சுவரிலும் பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டுகளுக்கும் இதே கதைதான்.

காட்டுக்குப் போனாலும் என் கண்ணில் ஒன்றும் படுவதில்லையே?

நடந்துகொண்டே இருந்தால் படாது. விடிந்து முதல் இரண்டு மணி நேரமும் அந்திக்கு முந்தைய இரண்டு மணி நேரமும்தான் பெரும்பாலானவை நடமாடும் பொழுது. நீர்நிலையோ காய்த்த ஆலமரமோ தெரியும்படி, காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாக உட்காருங்கள். உங்கள் வாடை அவற்றின் பக்கம் போகாது. இருபது நிமிடம் அசையாமல் இருங்கள். முதல் பத்து நிமிடம் காடு உங்களைக் கவனிக்கும், பிறகுதான் தன் வேலையைத் தொடங்கும். தோட்டத்தில் புழு தேடிப் பழகிய கண் இங்கே உதவும். முழு மிருகத்தைத் தேடாமல், அசையும் காதையும், கிடைமட்டமாக ஒரு முதுகுக் கோட்டையும், இலை ஆடாத இடத்தில் ஆடும் ஓர் இலையையும் தேடுங்கள். அணிலும் குரங்கும் திடீரென்று ஓயாமல் கத்தினால், அவை பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள்.

பைனாகுலர் முதல் தடவை வாங்குவதானால் 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு ஆசை காட்டும், ஆனால் கை நடுக்கத்தையும் 10 மடங்காக்கும், காட்சிப் பரப்பும் சுருங்கும். அந்தி வெளிச்சத்துக்கும் 8×42 நன்றாக ஈடுகொடுக்கும்.

எவ்வளவு கிட்டே போகலாம்?

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விலங்கு முழுவதும் விரலுக்குப் பின்னால் மறையவில்லை என்றால் கிட்டே போய்விட்டீர்கள். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிவிட்டது என்றாலும் அதே பொருள்தான், பின்வாங்குங்கள். யானை காதை விரித்து அசையாமல் நின்றாலோ, தலையை ஆட்டினாலோ எச்சரிக்கிறது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. சிறுத்தையோ கரடியோ எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், ஓடும் முதுகு துரத்தச் சொல்லும். முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்னால் நகருங்கள்.

குரங்கு பையைப் பிடித்து இழுத்தால்?

விட்டுவிடுங்கள். பல்லைக் காட்டிச் சிரிப்பதும் கண்ணோடு கண் முறைப்பதும் குரங்கு மொழியில் சவால். கடித்தாலோ பிராண்டினாலோ, சின்னக் கீறல்தானே என்று விடாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் மருந்து பலன் தராது. தீனி கொடுப்பவர்களால்தான் குரங்கு பையைத் தேடக் கற்றுக்கொள்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படம் எடுப்பதில் கவனிக்க வேண்டியது?

இரவில் ஃபிளாஷ் வேண்டாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் அது கூட்டை விட்டுவிட்டு எதிரியைத் தேடி அலையும். அரிய உயிர்களின் படத்தைப் பகிரும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.

காட்டில் பார்த்த அழகான செடியின் ஒரு கிளையை எடுத்து வரலாமா?

கூடாது. காப்புக்காடுகளில் பெரும்பாலும் அது குற்றம், குற்றமில்லாத இடத்திலும் மண்ணோடு வரும் பூச்சியும் பூஞ்சையும் உங்கள் தோட்டத்தைத்தான் முதலில் பிடிக்கும். கேட்காமலே கூட வருபவை வேறு: செருப்பின் அடிச்சேற்றிலும் கால்சட்டை மடிப்பிலும் விதைகள். பார்த்தீனியம் என்ற களைச்செடி ஊர் ஊராகப் பரவியதில் வண்டிச் சக்கரத்துக்கும் பங்கு உண்டு. காட்டை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே செருப்பைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

வெறுங்காலோடு தோட்டத்துக்குள் இறங்காதீர்கள், அதுவும் இருட்டில். ஆளில்லாத ஒரு வாரத்தில் மூடாக்கு எலிக்கும் தவளைக்கும் இடமாகியிருக்கும், அவற்றைத் தேடிப் பாம்பும் வந்திருக்கலாம். மூடிய செருப்பு, கையில் டார்ச், ஒரு கம்பு. தொட்டியைச் சாய்க்கும்போது அதன் அடிப்பக்கம் உங்களுக்கு எதிர்த்திசையில் திறக்கும்படி சாயுங்கள், உள்ளிருப்பது உங்களை விட்டு விலகி ஓட வழி இருக்கும். பாம்பைக் கண்டால் பின்வாங்கி, தூரத்திலிருந்து கண் வைத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளரை அழையுங்கள். அடிக்கவோ பிடிக்கவோ போகும்போதுதான் பல கடிகள் நேர்கின்றன. கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

வாடிய தொட்டியில் மேலிருந்து ஊற்றினால் நீர் உடனே அடியில் ஓடிவிடும். காய்ந்த மண் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டிருப்பதுதான் காரணம். ஓர் அகன்ற பாத்திரத்து நீரில் தொட்டியை விளிம்புவரை இறக்கி, குமிழி நிற்கும்வரை, சுமார் அரை மணி நேரம் வைத்து, எடுத்து வடியவிடுங்கள். இலை முழுக்க உதிர்ந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். தண்டை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பச்சைக்கு மேலே இருப்பதை மட்டும் வெட்டி, நிழலில் வைத்து, தளிர் வரும்வரை உரமில்லாமல் விடுங்கள்.

சுவரில் புதிதாக ஒரு மண்கூடு ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் தனித்து வாழும் மண்குளவியுடையது. அது தன் கூட்டைக் காக்க நம்மைத் துரத்தாது. குஞ்சுகளுக்காகச் சிலந்திகளை உள்ளே அடைத்து வைத்திருக்கும். துளை விட்டு வெளியேறிய பிறகு பெயர்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை. டைமரை அடுத்த பயணம்வரை எடுத்து வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே அரித்துவிடும்.